பழைய எக்ஸ்பிரஸ் 5.7 வானில ரெயிலர் இழுக்க இன்டேக் மாத்திறது பிரயோசனமோ?

வெள்ளைவான்:

வணக்கம். வான் 1999 ஷெவ்ரோலே எக்ஸ்பிரஸ் 3500. எஞ்சின் 5.7 வோர்டெக் (எல்31), கியர்பொக்ஸ் 4எல்80-ஈ, பின் அச்சு 3.73. மூன்று லட்சத்து இருபதாயிரம் கிலோமீற்றர் ஓடிட்டுது. கோடை முழுக்க மண்டபங்களுக்குப் பந்தலும் கதிரையும் ஏத்தின மூடின ரெயிலர் இழுக்கிறது. சாமானோட 5,500 இறாத்தல். ரொறொன்ரோவுக்குள்ள குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹமில்டன் தாண்டி 403-இல அன்காஸ்டர் ஏத்தத்தில பெடல் தரையோட இருந்தாலும் 75-க்கு இறங்கிடுது.

ஒரு கடையில மூன்று சாமான் சேர்த்து விலை தந்திருக்கினம்: கூம்பு ஃபில்டரோட கோல்ட் எயார் இன்டேக் (எஞ்சினுக்குக் காற்று எடுக்கிற குழாய்), பெரிய த்ரொட்டில் பொடி (பெடலுக்கு ஏத்தபடி காற்றுவழி திறக்கிற வாய்), அதுக்கு அடியில வைக்கிற ஸ்பேசர் தட்டு ஒன்று. 30 குதிரைவலு கூடுமாம். கூலன்ட் மாதம் அரை லீற்றர் அளவில குறையுது, நிலத்தில ஒழுக்கு இல்லை. காலமை குளிரில ஸ்டார்ட் பண்ணினா முதல் ஒரு நிமிசம் தடுமாறும். இதுகளுக்கும் இன்டேக்குக்கும் சம்பந்தம் இருக்கோ தெரியேல்ல, சொல்லி வைக்கிறன். காசை எதில போடுறது?

---

மனோமீட்டர்:

முதல்ல அந்த 30 குதிரைவலுவை ஒரு கணக்குல போட்டுப் பார்ப்போம். உங்க எஞ்சின் புதுசா இருந்தப்போ சுமார் 250. 30 கூடணும்னா 12 சதவீதம் அதிகக் காற்று உள்ளே போகணும். வெளிக்காற்றோட அழுத்தம் 99, 100 கிலோபாஸ்கல். ஃபில்டர், குழாய், த்ராட்டில் எல்லாம் சேர்ந்து ஒரு கிலோபாஸ்கல் தடுத்தா ஏறக்குறைய ஒரு சதவீத சக்தி போகும். அப்போ இந்த மூணு சாமானும் 30 கொடுக்கணும்னா உங்க வண்டியில இப்போ 12 கிலோபாஸ்கல் தடை இருக்கணும். அவ்வளவு தடை இருந்தா அதுக்குக் காரணம் கம்பெனி டிசைன் இல்ல, ஃபில்டர் பெட்டிக்குள்ள எலி கட்டின கூடு. (கனடா குளிர்காலத்துல இது நிஜமாவே நடக்கும், பெட்டியைத் திறந்து பாருங்க.)

தடையை அளக்க பெரிய கருவி எதுவும் வேண்டாம். எல்31-ல காற்றின் எடையை அளக்கிற மாஃப் சென்சாரும் உண்டு, மேனிஃபோல்டு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிச்சு அனுப்புற பகுதி) அழுத்தத்தை அளக்கிற மேப் சென்சாரும் உண்டு. வண்டி கம்ப்யூட்டரைப் படிக்கிற ஓபிடி-2 ப்ளூடூத் அடாப்டர் ஒண்ணும் போனும் இருந்தா போதும். ஆப்ல ஆர்பிஎம், மேப், மாஃப் மூணை மட்டும் திரையில வையுங்க. அதிகமா வெச்சா எண்கள் மெதுவா மாறும், சரியான நொடியில படிக்க முடியாது.

எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் திருப்பி மேப் என்ன காட்டுதுன்னு எழுதிக்குங்க. அதுதான் அன்னிக்கு வெளிக்காற்றின் அழுத்தம். அப்புறம் டிரெய்லரைக் கழட்டிட்டு, எஞ்சின் நல்லா சூடான பிறகு, லீவரை 2-ல வெச்சு முழு பெடல். 3.73 அச்சுக்கும் உங்க டயர் அளவுக்கும் ரெண்டாவது கியர்ல 3,500 ஆர்பிஎம் வரும்போது வேகம் 90-ஐ ஒட்டி இருக்கும், நெடுஞ்சாலையில ஏறுற ராம்ப்லயே முடிச்சுடலாம். எண்ணைப் படிக்க பக்கத்துல ஒருத்தர் உட்காரணும், ஓட்டுறவர் போனைப் பார்க்கக் கூடாது. சாவி மட்டும் போட்டப்ப வந்த எண்ணிலிருந்து முழு பெடல்ல வந்த எண்ணைக் கழிச்சா மொத்தத் தடை. 3, 4 கிலோபாஸ்கலுக்குள்ள இருந்தா அந்தக் கடைக்குத் திரும்பிப் போக வேண்டியதில்ல. தடை, ஓட்டத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும்கிறதால 4,400-ல ஒன்றரை மடங்குக்கு மேல காட்டும். ஆனா டிரெய்லரோட நீங்க அங்கே ரொம்ப நேரம் நிக்கப்போறதில்ல.

கூம்பு ஃபில்டர்ல இன்னொரு வினை இருக்கு. போனட்டுக்குள்ள திறந்து கிடக்கிற ஃபில்டர் ரேடியேட்டரைத் தாண்டி வர்ற சூட்டைத்தான் குடிக்கும். வெளியே 30 டிகிரி, உள்ளே 65 டிகிரின்னா காற்றின் அடர்த்தி பத்து சதவீதம் குறையும். ஏத்தத்துல மெதுவா, முழுச் சுமையோட போறப்போதான் உள்ளே அதிகமா சூடாகும். சக்தி வேண்டிய இடத்துலயே அது காலை வாரும். கிரில் பக்கத்திலிருந்து காற்று எடுக்கிற மூடின பழைய பெட்டி இழுவைக்கு அதைவிட எவ்வளவோ மேல்.

ஸ்பேசர் பத்தி ஒரே வரி. இந்த எஞ்சின்ல பெட்ரோல் சேர்றது வால்வு பக்கத்துல, ஸ்பேசர் வழியா போறது வெறும் காற்று, "கலவை நல்லா சுழலும்"னு சொல்றதுக்கு அங்கே கலவையே கிடையாது. பெரிய த்ராட்டில் போட்டா அரை பெடல்ல வண்டி துள்ளும், அதனால சக்தி கூடின மாதிரி தோணும். முழு பெடல்ல வித்தியாசம் இருக்காது.

---

ஸ்பானர்செட்:

மனோமீட்டர் சொன்னதை அளந்து பாருங்கோ. ஆனா என்ர கண் உங்கட கடைசி இரண்டு வரியிலதான் நிக்குது. கூலன்ட் குறையுது, நிலத்தில ஒழுக்கில்லை, காலமை தடுமாறுது. எல்31-இல இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் கீழ் இன்டேக் மேனிஃபோல்ட் காஸ்கெற், அதாவது மேனிஃபோல்டுக்கும் எஞ்சினுக்கும் இடையில ஒழுகாமல் வைக்கிற தகடு. கம்பெனி போட்டது பிளாஸ்ரிக் சட்டத்தில சிலிக்கோன் விளிம்பு ஒட்டினது. வருசக்கணக்கில சூட்டில பிளாஸ்ரிக் தளர்ந்து, மூலையில இருக்கிற கூலன்ட் துவாரங்களைச் சுத்தி விளிம்பு நசிஞ்சு போகும். பின் மூலையால ஒழுகினால் கியர்பொக்ஸின்ர முன் கூட்டுக்கு (பெல் ஹவுசிங்) மேல சொட்டி, சூட்டில காய்ஞ்சு போகும். அதனாலதான் நிலத்தில காணமாட்டியள். உள்ளுக்க ஒழுகினால் நேர எஞ்சின் ஒயிலுக்க. அது பேரிங்கைத் தின்னும்.

எஞ்சின் குளிர்ந்திருக்கேக்க றேடியேற்றரில அழுத்தப் பம்ப் பூட்டி, மூடியில எழுதியிருக்கிற அழுத்தத்துக்கு ஏத்தி கால் மணித்தியாலம் விடுங்கோ. பிறகு வானுக்குள்ள, இரண்டு சீற்றுக்கும் நடுவில இருக்கிற எஞ்சின் மூடியைக் கழட்டி, டிஸ்ட்ரிபியூட்டருக்குப் (பிளக்குகளுக்கு மின்பொறியைப் பிரிச்சுக் குடுக்கிற சாமான்) பின்னால ரோர்ச் அடிச்சுக் கண்ணாடியால பாருங்கோ. ஈரமோ வெள்ளைப் படிவோ தெரிஞ்சால் விசயம் முடிஞ்சுது. டிப்ஸ்டிக்கும் ஒயில் மூடியும் பால் நிறமா இருந்தால் வானை ஓடாதேங்கோ.

காலமைத் தடுமாற்றத்துக்கு இன்னொரு ஆள் இருக்கிறார், ஸ்பைடர். மேல் பிளாஸ்ரிக் பிளீனத்துக்குள்ள (மேனிஃபோல்டின் மேல் காற்றுப் பெட்டி) நடுவில உட்கார்ந்து எட்டு நைலோன் குழாயால பெற்றோல் அனுப்பிற சாமான். ஒவ்வொரு குழாய் நுனியிலயும் அழுத்தத்தில திறக்கிற சின்னப் பொப்பெற் வால்வு. அது திறக்கவே 43 பிஎஸ்ஐ அளவில வேணும். படிவு பிடிச்சால் ஒன்று ஒட்டிக்கொண்டு நிக்கும், இல்லாட்டி ஒழுகும். சாவி போட்டு எஞ்சின் ஓடாமல் இருக்கேக்க அழுத்தம் 60-இல இருந்து 66 பிஎஸ்ஐ இருக்கவேணும். பம்ப் நிண்டாப் பிறகு பத்து நிமிசத்தில 5-க்கு மேல இறங்கக்கூடாது. மற்ற எஞ்சினுகள் 55-இல சந்தோசமா ஓடும், இது ஓடாது. அளக்கிற வாய் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம், எஞ்சின் மூடிக்குக் கீழ. அதால வான் நிக்கேக்க மட்டும் அளவுங்கோ. பெற்றோல் இருக்கிற குழாயை வானுக்குள்ள வைச்சுக்கொண்டு ஓட்டாதேங்கோ.

அளவுகளைப் போடுங்கோ, மிச்சம் பிறகு.

---

கரடிமலை:

கூம்பு வேண்டாம் என்பது சரி. ஆனால் பழைய பெட்டிக்குள்ளேயே எண்ணெய் பூசின பருத்தி ஃபில்டர் போடலாமே? கழுவிக் கழுவிப் பாவிக்கலாம். அதோடு மாஃப் சென்சார் முன்னால் இருக்கிற வலையைக் கழற்றினால் ஓட்டம் கூடும் என்று பலர் செய்கிறார்கள்.

---

மனோமீட்டர்:

கரடிமலை, வலை இருக்கிறது அழகுக்கு இல்ல. ஃபில்டரிலிருந்து வளைஞ்சு வர்ற காற்றை நேராக்கி, சென்சார் கம்பிமேல சீரா விடறதுக்கு. கழட்டினா காற்று கூடுறதைவிட அளவு தப்புறதுதான் அதிகம். எண்ணெய் ஃபில்டர்ல, அளவா எண்ணெய் போட்டா பிரச்சினை இல்ல. பெரும்பாலும் கழுவின பிறகு அள்ளிப் பூசிடுவாங்க. அது பறந்து கம்பியில படியும், சென்சார் காற்றைக் குறைச்சுச் சொல்லும், கம்ப்யூட்டர் பெட்ரோலைக் குறைக்கும், டிரெய்லர் சுமையில கலவை மெலிஞ்சு நாக் (கலவை நேரம் தவறி எரிஞ்சு எஞ்சின் தட்டுறது) வரும். நாக் சென்சார் உடனே டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துடும், கடைசியில சக்தி குறைஞ்சதுதான் மிச்சம். சாதா காகித ஃபில்டர் புதுசா ஒண்ணு போதும்.

---

வெள்ளைவான்:

மனோமீட்டர் தம்பி, ஸ்பானர்செட் அண்ணை, இரண்டு பேருக்கும் நன்றி. அளந்தாச்சு. வெளியில 24 டிகிரி.

சாவி மட்டும் போட்டு மேப் 99. இரண்டாம் கியரில 3,500, முழுப் பெடல், மேப் 96, மாஃப் விநாடிக்கு 148 கிராம். ஏத்தத்தில உள்ளிழுக்கிற காற்று 41 டிகிரி. நீண்டகாலப் பெற்றோல் திருத்தம் (கம்ப்யூட்டர் தானாக் கூட்டிற பெற்றோல், வீதத்தில) ஐடிலில, அதாவது பெடல் மிதிக்காமல் ஓடேக்க, +3, நெடுஞ்சாலையில ரெயிலரோட +14. பெற்றோல் அழுத்தம் 55, பத்து நிமிசத்தில 47-க்கு இறங்கிட்டுது. கூலன்ட் அழுத்தம் ஏத்திப் பார்த்தன், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பின்னால சாரதிப் பக்க மூலையில ஈரம். ஒயில் சுத்தமா இருக்கு.

---

மனோமீட்டர்:

அழகான அளவுகள். 99-ல 96 போனா மொத்தத் தடை 3 கிலோபாஸ்கல், அதுலயும் ஒரு பங்கு த்ராட்டிலோடது. எவ்வளவு நல்ல ஃபில்டர் போட்டாலும் அதுல பாதியைத்தான் மிச்சம் பிடிக்க முடியும், அதாவது 3, 4 குதிரைவலு.

148 கிராம் சரியான எண். 5.7 லிட்டர், 3,500 ஆர்பிஎம், 41 டிகிரி, 96 கிலோபாஸ்கலுக்கு முழுசா நிரம்பினா 178 வரணும். உங்களுக்கு 83 சதவீதம் நிரம்புது, இந்த எஞ்சினுக்கு அது ஆரோக்கியமான அளவு. அதனால மாஃப் பொய் சொல்லல, கேட்டலிடிக் கன்வர்ட்டரும் பெரிசா அடைச்சிருக்க வாய்ப்பில்ல. காற்று வேண்டிய அளவு போகுது.

ஐடில்ல +3, சுமையில +14-ங்கிறதைக் கவனிங்க. வாக்குவம் கசிவா இருந்தா நேர்மாறா வரும். ஐடில்ல திருத்தம் கூடுதலா இருந்து, சுமையில குறையும். சுமையில ஏறுதுன்னா கேட்கிற அளவு பெட்ரோல் வந்து சேரல. 55 பிஎஸ்ஐ அதையேதான் சொல்லுது. இன்ஜெக்டர் ஓட்டம் அழுத்தத்தோட வர்க்கமூலத்துக்கு ஏத்த மாதிரி மாறும். 62-க்கு பதில் 55 இருந்தா 6 சதவீதம்தான் குறையும். +14 வருதுன்னா சுமையில அழுத்தம் இன்னும் கீழே போகுதுன்னு அர்த்தம். ஒண்ணு மட்டும் முதல்ல பாருங்க: எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுல பின்பக்க போல்ட் உடைஞ்சிருக்கா? இந்த எஞ்சின்ல அடிக்கடி உடையும். அங்கே வெளிக்காற்று புகுந்தா ஆக்சிஜன் சென்சார் கலவை மெலிவுன்னு தப்பாப் படிச்சு திருத்தத்தை ஏத்தும். காலையில குளிர் எஞ்சின்ல டிக் டிக்னு சத்தம் வருதான்னு கேளுங்க.

என் கண்ணை உறுத்துறது அந்த 41 டிகிரி. வெளியே 24, உள்ளே 41. அஞ்சு சதவீத அடர்த்தி அங்கேயே போச்சு. சென்சாரும் கொஞ்சம் சூட்டை வாங்கியிருக்கும், ஆனா ஓட்டத்துல இருக்கிறப்போ 17 டிகிரி வித்தியாசம் அதிகம். கிரில் பக்கத்திலிருந்து ஃபில்டர் பெட்டிக்கு வர்ற பிளாஸ்டிக் மூக்கு இருக்கா? ரேடியேட்டர் வேலை பார்த்தவங்க அதைத் திரும்ப மாட்டாம விட்டுடுவாங்க. பெட்டி கிளிப் தளர்ந்து ஓரத்துல இடைவெளி இருந்தாலும் சூடான காற்று புகும். அந்தக் கடை கொடுத்த பட்டியல்ல இருக்கிற எதையும்விட அந்த மூக்குத் துண்டு அதிகம் தரும்.

---

வெள்ளைவான்:

மூக்கு இல்லை! பெட்டி வாய் றேடியேற்றருக்குப் பின்னால திறந்துதான் கிடக்கு. டிக் டிக் சத்தம் இல்லை, போல்ற் எல்லாம் இருக்கு. ஸ்பானர்செட் அண்ணை, காஸ்கெற் வேலையை வீட்டில செய்யலாமோ?

---

ஸ்பானர்செட்:

செய்யலாம், இரண்டு நாள் வையுங்கோ. ஆனா ஒழுங்கு முக்கியம். மூக்குத் துண்டைப் பழைய வாகனச் சாமான் யார்டில தேடுங்கோ. பிறகு பெற்றோல் பக்கம். சட்டகத்தில இருக்கிற பெற்றோல் ஃபில்டரை முதல்ல மாத்தி திரும்ப அளவுங்கோ. அப்பவும் 60-ஐத் தொடாட்டி, பம்ப் ஓடேக்க டாங்கிப் பக்க கனெக்டரில வோல்ட் பாருங்கோ. பற்றறியைவிட அரை வோல்ட்டுக்கு மேல குறைஞ்சால் பம்பில பிழையில்லை, வயரிலயோ ஏர்த்திலயோதான். ஒன்ராரியோ உப்பு அந்த ஏர்த்தைத்தான் முதல்ல தின்னும். வோல்ட் சரியெண்டால் பம்ப். டாங்கியைக் கால் பங்குக்குக் கீழ இறக்கிப்போட்டுத்தான் கழட்டவேணும்.

பத்து நிமிசத்தில 8 இறங்கினது வேற கதை. பம்பில பெற்றோல் திரும்பி வராமல் தடுக்கிற வால்வு விட்டாலும் இறங்கும், ஸ்பைடரோ அதில இருக்கிற ரெகுலேற்றரோ பிளீனத்துக்குள்ள ஒழுகினாலும் இறங்கும். மேல் பிளீனத்தைக் கழட்டேக்க உள்ளுக்க பாருங்கோ. எல்லா இடமும் கரிப்படிவு இருக்க, ஒரு பகுதி மட்டும் பெற்றோல் கழுவினது போல பளிச்செண்டு இருந்தால் அங்கதான் ஒழுக்கு. எப்பிடியும் காஸ்கெற்றுக்கு பிளீனம் கழரப்போகுது, அதே வேலையில ஸ்பைடரையும் மாத்துங்கோ. பொப்பெற் உள்ள பழைய மாதிரி வாங்காதேங்கோ. ஒவ்வொரு நுனியிலயும் உண்மையான இன்ஜெக்டர் இருக்கிற எம்எஃப்ஐ மாதிரி வருது, அதே இடத்தில நேர இருக்கும். இந்த வானுக்கு இன்டேக்கில போடக்கூடிய ஒரே உருப்படியான அப்கிரேட் எண்டு கேட்டால் நான் இதைத்தான் சொல்லுவன்.

காஸ்கெற், உலோகச் சட்டம் உள்ள ஃபெல்-ப்ரோ எம்எஸ்98000டி. பிளாஸ்ரிக் சட்டத்தைத் திரும்பப் பூட்டினால் திரும்ப இதே வேலை.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழட்டாமல் கீழ் மேனிஃபோல்ட் வராது. முதலாம் சிலிண்டரை அமுக்க அடியில உச்சிக்குக் கொண்டுவந்து, ரோட்டர் பார்க்கிற இடத்தையும் கூட்டின் இருப்பையும் கோடு கீறி, ஃபோன்ல படம் எடுத்துப்போட்டுக் கழட்டுங்கோ. பூட்டேக்க ரோட்டர், கூட்டில இருக்கிற 8 என்ற குறிக்கு நேர நிக்கவேணும். ஒரு பல் தவறினால் கம்ப்யூட்டரில பி1345 எண்ட பிழைக் கோட் வரும். கூட்டைத் திருப்பினால் டைமிங் மாறாது, அதைக் கம்ப்யூட்டர்தான் வைக்கிறது. ஆனா காம் றிட்டார்ட் (காம் சென்சார் கிராங்கோட எவ்வளவு ஒத்துப்போகுது) எண்ட அளவு பூச்சியத்தில இருந்து இரண்டு டிகிரிக்குள்ள இருக்கவேணும், அதுக்கு நல்ல ஸ்கானர் தேவை. வீட்டு அடாப்டர் காட்டாது. கடைசியில அதுக்கு மட்டும் ஒரு கராச்சுக்குப் போங்கோ.

கூலன்ட்டை எஞ்சின் புளொக்கில இருந்தும் வடியுங்கோ. வடிச்சாலும் மேனிஃபோல்டைத் தூக்கேக்க கொஞ்சம் லிஃப்டர் பள்ளத்துக்க (மேனிஃபோல்டுக்குக் கீழ ஒயில் ஓடுற குழி) விழத்தான் செய்யும். அதால வேலை முடிஞ்சு ஸ்டார்ட் பண்ண முதல் ஒயிலும் ஒயில் ஃபில்டரும் மாத்துங்கோ. "ஓடிப்போட்டு மாத்துவம்" எண்டு விடாதேங்கோ. பழைய காஸ்கெற்றை பிளாஸ்ரிக் வழிப்பானால சுரண்டுங்கோ. சுத்திற உராய்வு வட்டு போட்டால் தூள் பேரிங்குக்குப் போகும். துவாரங்களில துணி அடைச்சு வையுங்கோ, எத்தினை துண்டு எண்டு எண்ணியும் வையுங்கோ.

முன்னும் பின்னும் புளொக் விளிம்பில ஆர்டிவி (சிலிக்கோன் பசை) 5 மில்லிமீற்றர் தடிப்பில ஒரு கோடு, இரண்டு நுனியும் ஹெட்டில அரை அங்குலம் ஏறவேணும். அது தோல் பிடிக்க முதல் மேனிஃபோல்டை நேர மேலால இறக்குங்கோ, இழுத்து நகர்த்தினால் கோடு குலையும். எட்டு போல்ற்றுக்கும் மரைச் சீலன்ட் பூசி, நடுவில இருந்து வெளியால மூன்று சுற்று: 27 இறாத்தல்-அங்குலம், 106 இறாத்தல்-அங்குலம், கடைசி 11 இறாத்தல்-அடி. 11 தான், 35 இல்லை. பழைய 350-க்கு எழுதின புத்தகத்தைப் பார்த்து இறுக்கினவையள் மேனிஃபோல்ட் காதை உடைச்சிருக்கினம். மேல் பிளாஸ்ரிக் பிளீனம் இரண்டு சுற்று, 44 பிறகு 83 இறாத்தல்-அங்குலம். அங்குல-இறாத்தல் ரோர்க் ஸ்பானர் இல்லாட்டி இரவல் வாங்குங்கோ, கைமதிப்பில செய்யிற வேலை இல்லை இது.

---

வெள்ளைவான்:

பெரிய நன்றி அண்ணை. இதெல்லாம் செய்தாப் பிறகும் ஏத்தத்தில காணாட்டி?

---

ஸ்பானர்செட்:

இப்ப எந்தக் கியரில ஏறுறியள்? ஓவர்டிரைவில இழுக்காதேங்கோ, லீவரை 3-இல போடுங்கோ. நூறில ஓவர்டிரைவ் எஞ்சினை 1,900-க்கு இறக்கும், மூன்றாம் கியர் 2,550-இல வைச்சிருக்கும். இந்த எஞ்சினின் உச்ச ரோர்க் 2,800 பக்கம். அதோட கியர்பொக்ஸ் ஒயிலும் சூடாகாது. அதுக்கு மேலயும் வேணுமெண்டால் 4.10 பின் அச்சு, எல்லாக் கியரிலயும் சில்லுக்குப் பத்து வீதம் கூட ரோர்க். ஆனா ஸ்பீடோமீற்றரைத் திருத்தவேணும், நெடுஞ்சாலையில பெற்றோலும் கொஞ்சம் கூடப் போகும். சர்வீஸ் ஸ்டிக்கரில ஜிடி4 எண்டு இருந்தால் உங்கட அச்சு உண்மையிலயே 3.73. ஜியு6 எண்டு இருந்தால் அது 3.42, அப்ப மாத்திறதில இருபது வீதம் கிடைக்கும். ஸ்டிக்கரை ஒருக்கால் பார்த்துப்போட்டு எழுதுங்கோ.

---

வெள்ளைவான்:

ஜிடி4 தான். யார்டில மூக்குத் துண்டும் கிடைச்சிட்டுது, ஒரு கிளிப் மட்டும் உடைஞ்சிருக்கு. பெற்றோல் ஃபில்டர் மாத்தி 57. நாளைக்கு டாங்கிப் பக்கம் வோல்ட் பார்க்கிறன்.

---

ஸ்பானர்செட்:

57 காணாது. வோல்ட் பார்க்கேக்க ஏர்த் வயரைச் சட்டகத்தில பூட்டின இடத்தையும் கழட்டி, கம்பித் தூரிகையால தேய்ச்சுப்போட்டு ஒருக்கால் அளவுங்கோ. பம்ப் வாங்கிறது அதுக்குப் பிறகு.